செ. வசந்தாமணி, தலைவர்

உக்காருங்க தம்பி. இந்தச் சிமெண்டு பெஞ்சு ரெண்டு பேருக்குத் தாங்கும். அக்கட்ட வெயில் ஏறிரும், இக்கட்ட புங்கமரத்து நெழலுக்கு நகந்துக்குங்க. என்னுங்க, பட்டா மாத்தற விசயமா? எத்தனையாவது தடவை? அட, அதெல்லாம் இங்க ஒரு கணக்கே இல்லீங்க. வந்தவனை நிக்க வெச்சே பழுக்க வெச்சிருவாங்க.

நானா? எனக்கு வேலை ஒண்ணும் இல்லீங்க. என்ற சம்சாரம் உள்ள இருக்கறா. அந்தக் கடைசி ரூம்புல. விசாரணைன்னு கூப்பிட்டிருந்தாங்க. நானும் கூடத்தான் போனனுங்க. வாசப்படியிலயே பியூன் கையை நீட்டி மறிச்சுப் போட்டான். "தலைவர் மட்டுந்தான் உள்ள போகோணும்"ங்கறான். நாந்தான்டா தலைவருன்னு தொண்டை வரைக்கும் வந்துருச்சு. இருக்கற வம்பு போதும்னு முழுங்கீட்டு வந்து இங்க உக்காந்துட்டேன். ரெண்டே வார்த்தை சொல்லீட்டு வாடின்னு உள்ள தாட்டி உட்டது, போனவ போனவதான். அவளுக்கு அப்பிடி என்னுங்க பேச இருக்குது உள்ள?

என்ற பேரு சென்னியப்பனுங்க. ஓலக்காட்டுப்பாளையம். பஸ்ஸை விட்டு எறங்கி தலைவர் ஊடு எதுன்னு கேட்டீங்கன்னா கைக்கொழந்தை கூட எங்கூட்டக் காட்டும். போன எலெக்சனப்ப எங்க பஞ்சாயத்தைப் பொம்பளைகளுக்குன்னு ஒதுக்கிப் போட்டாங்க. நான் அதுக்கு முன்னாடி அஞ்சு வருசமா ஊருக்குள்ள ஒழைச்சு, எழவு ஊட்டுக்கும் கல்யாண ஊட்டுக்கும் ஒண்ணு விடாமப் போயி, நிக்கறதுக்குத் தயாரா இருந்தவன். திடீர்னு பொம்பளைங்கறாங்க. என்ன பண்றது? வசந்தாமணிய நிறுத்தினேன். போஸ்டருல என்ற போட்டோ பெருசு, அவ போட்டோ மூலையில. ஓட்டுக் கேட்டது நான், கும்பிட்டது நான், செயிச்சதும் நான். பேருக்கு அவ. இது நாட்டுல எல்லாப் பக்கமும் இருக்கறதுதானுங்களே. நீங்க ஏன் சிரிக்கறீங்க?

சிரிக்கற விசயமில்லீங்க தம்பி, வவுத்தெரிச்சலு. கேளுங்க. எங்கூர்ல ஒருத்தன் ஊடு கட்டோணும்னா இத்தனை நாளும் பஞ்சாயத்துலதான் மனுக் குடுப்பான். நாங்க போயி எடத்தைப் பாப்போம். சாக்கடைக்கு எடம் விட்டிருக்கறானா, பக்கத்துச் சுவத்துல இடிக்குதான்னு பாத்து அனுமதி குடுப்போம். மழை பேஞ்சா யாரு ஊட்டுத் தண்ணி யாரு வாசல்ல வந்து நிக்கும்னு எங்களுக்குத் தெரியும். இப்ப மேல இருந்து நகர் வளர்ச்சிக் குழுமம்னு ஒண்ணைக் கொண்டாந்து, சுத்துப்பட்டு ஊரையெல்லாம் அதுக்குள்ள சேத்துப்போட்டாங்க. இனிமே கோழிக்கூண்டு கட்டறதுன்னாலும் அங்கதான் போகோணும். ரோடு எங்க, ஊடு எங்க, கம்பெனி எங்கன்னு படம் போடறதும் அவங்கதான். அப்பறம் பஞ்சாயத்து எதுக்குங்க? குப்பை அள்ளறதுக்கும் தெரு லைட்டுப் போடறதுக்குமா?

சனங்க ஓட்டுப் போட்டு ஒருத்தரை உக்கார வெச்சிருக்கறாங்க. அவிகளைப் பேருக்கு நாற்காலியில வெச்சுக்கிட்டு, ஒரு வார்த்தை கேக்காம, வேற ஒருத்தன் வந்து எல்லாத்தையும் முடிவு பண்ணினா அது என்ன நாயமுங்க? செயிச்சவங்க ஒருத்தரு, அதிகாரம் பண்றவன் இன்னொருத்தனா? நீங்க படிச்சவராட்டம் தெரியறீங்க, நீங்களே சொல்லுங்க. இதைத்தான் நான் மண்டபத்துல மைக்கைப் புடிச்சுக் கேட்டேன். கேட்டதுதான் வெனையாப் போச்சு.

அந்தக் குழுமத்துக்காரங்க போட்ட படத்தைப் பாக்கோணும் நீங்க. எங்கூருக்குக் கெழக்கால பாறைக்காடுன்னு ஒரு வீதி இருக்குது. எங்க பக்கத்துல காடுன்னா வெள்ளாமைக் காடுங்க, சோளம் வெதைக்கற நெலம். அந்தச் சோளமும் போயி இப்ப வரிசையா ஊடுகதான். பனியன் கம்பெனிக்குப் போற சனம் அத்தனையும் அங்கதான் இருக்குது. பேர்ல பாறையும் இருக்குது காடும் இருக்குதுன்னு, எங்கியோ உக்காந்திருந்தவன் அங்க கல்லும் மரமுந்தான் கெடக்குதுன்னு நெனச்சுட்டானாட்ட இருக்குது. பச்சைப் பெயிண்டை அடிச்சு, நடுவுல ஸ்கேல் வெச்சு ஒரு கோடு இழுத்துப்போட்டான். அறுபதடி ரோடாம். அந்தக் கோட்டுக்கடியில வீதி மொத்தமும் இருக்குது. எங்க பாறைக்காட்டுல பேருக்குக் கூட ஒரு பாறை இல்லீங்க. இதையெல்லாம் வந்து ஒருக்கா பாத்தா என்ன, கால் தேஞ்சா போயிரும்?

முதல் ஊடு மாராத்தா ஊடு. கம்பெனியில பனியனுக்கு நூல் பிசிறு வெட்டறவ. புருசன் போய்ச் சேந்துட்டான், ஒரு புள்ளைய வெச்சுக்கிட்டு வவுத்தைக் கட்டி வாயைக் கட்டி ரெண்டு ரூம்பு எழுப்பி, தை மாசம் புண்ணியார்ச்சனை பண்ணிக் குடி போனா. சுண்ணாம்பு வாசம் கூடப் போகலை. அவளுக்கு அனுமதி குடுத்ததும் நாந்தானுங்க. கொஞ்சம் அலைய விட்டுத்தான் குடுத்தேன், அது வேற விசயம். பாறைக்காட்டுக்காரங்க எனக்கு ஓட்டுப் போடலை. நாலு தடவை வாசல்ல வந்து நின்னாத்தான் தலைவருன்னு ஒரு மரியாதை இருக்குமுங்க. வசந்தாமணி கூட, "பாவம், அந்தப் புள்ளைக்குக் குடுத்துருங்க"ன்னு மொணகினா. உனக்கென்னடி தெரியும் ஊரு நிருவாகம், போயி அடுப்புல ஒலையைப் பாருன்னுட்டேன். ஆனா ஒண்ணு தம்பி, குழுமத்துக்காரன் மாதிரி சனங்களை அலைய விடறது எனக்குப் புடிக்காது.

அந்தப் படத்து மேல ஆட்சேபனை இருக்கறவங்க கல்யாண மண்டபத்துக்கு வந்து சொல்லலாம்னு தண்டோராப் போட்டாங்க. நான் விடுவனா? ஆட்டோவுல மைக் கட்டி ஊரு ஊராப் போனேன். வழி நெடுக பிளெக்ஸ் வெச்சேன், 'எங்கள் ஊர் எங்கள் உரிமை'ன்னு, என்ற படத்தோட. தனித்தனியா எந்திரிச்சுக் கத்தினா எழுதிக்குவாங்க, அவ்வளவுதான். பஞ்சாயத்துல தீர்மானம் போட்டுத் தலைவர் கையெழுத்தோட குடுத்தா, அதுக்குக் குழுமம் பதில் சொல்லியே தீரோணும், பதில் சொல்லாம ரோடு போட முடியாதுன்னு எங்க பஞ்சாயத்துச் செயலர் சொன்னாரு. அப்ப பாறைக்காடே அந்த ஒரு கையெழுத்துலதான் நிக்குதுங்க. போட்டேன் தீர்மானம். வளைச்சு நெளிச்சு, கீழ ஒரு சுழி சுழிச்சு, 'செ. வசந்தாமணி'ன்னு கையெழுத்தும் போட்டேன்.

ஆமாங்க, நாந்தான் போட்டேன். பின்ன அவளா போடுவா? வந்த நாள்ல இருந்து நாந்தான் போட்டுட்டு வாரேன். அவ ஒரு எழுத்து எழுதி முடிக்கறதுக்குள்ள அடுத்த கெராம சபை வந்துரும். அவ போட்டா என்ன, நான் போட்டா என்னங்க? தாலி கட்டின புருசன்தானே போடறேன், வழியில போறவனா போடறான்?

அன்னைக்கு மண்டபத்துல ஈ நொழைய எடமில்லை. மேடையில ஒரு பெரியவர், விசாரணை அதிகாரி. நரைச்ச தலை, சத்தமே போடாத மனுசன். அப்பிடிப்பட்டவங்ககிட்டத்தான் சாக்கிரதையா இருக்கோணும், எனக்கு அது அப்பத் தெரியலை. நான் பேசினேன் பாருங்க, மண்டபமே கை தட்டுச்சு. எங்க அதிகாரத்தைப் புடுங்கறதுக்கு நீங்க ஆருன்னு கேட்டேன். செயிச்சவங்க ஒருத்தரு ஆள்றவன் இன்னொருத்தனான்னு கேட்டேன். பேசி முடிச்சுத் தீர்மானத்தைக் கொண்டு போயி நீட்டினேன். அந்தப் பெரியவரு கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுப் போட்டுக்கிட்டு, "நீங்க ஆருங்க?"ன்னாரு.

"தலைவருங்க."

"இதுல வசந்தாமணின்னு இருக்குதே?"

"அது எங்கூட்டுக்காரிங்க."

"அப்ப அவங்கதானே தலைவர்?"

"பேரு அவளுதுங்க. தலைவர் நானுங்க."

நான் என்னுங்க தப்பாச் சொல்லிப்போட்டேன்? ஊருக்கே தெரிஞ்ச விசயம். கை தட்டின அதே கூட்டம் கொல்லுன்னு சிரிக்குது. என்ற காசுல டீ குடிச்சவனெல்லாம் சிரிக்கறான். அந்தப் பெரியவரு மட்டும் சிரிக்கலை. "செயிச்சவங்க ஒருத்தரு, ஆள்றவர் ஒருத்தரான்னு இப்பத்தான் கேட்டீங்க. நல்ல கேள்வி. அந்தம்மா எங்க?"ன்னாரு.

ஊட்டுல இருக்கறாங்கன்னு சொல்ல வாயெடுக்கறேன், கடைசி வரிசையில எந்திரிச்சு நிக்கறா வசந்தாமணி. அவளை நான் கூட்டிட்டே வரலைங்க. பாறைக்காட்டுப் பொம்பளைகளோட அவளா நடந்து வந்திருக்கறா. மாராத்தா அவ கையைப் புடிச்சுட்டு நிக்கறா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சரி, வந்தவ கும்பிட்டுட்டு உக்காருவான்னு பாத்தா, மேடைக்கே வந்து, "ஐயா, எங்க வீதிக்கு மேக்கால குட்டை ஓரம் பாழாக் கெடக்குதுங்க. ரோடு அங்க போனா ஒரு ஊடும் போகாதுங்க. நீங்களே ஒருக்கா வந்து பாருங்க, நான் கூட்டிட்டுப் போயிக் காட்டறேன்"னா. குட்டையாம்! நான் பஞ்சாயத்து உரிமை, சனநாயகம்னு எத்தனை பெரிய விசயம் பேசியிருக்கறேன். என்ற பேச்சுல குட்டையும் இல்லை, மாராத்தா ஊடும் இல்லை. இவ வந்து குட்டைங்கறா, ஊடுங்கறா. எனக்கு மானம் போச்சு. அந்தாளு என்னடான்னா அதையெல்லாம் வரி விடாம எழுதிக்கறாரு.

எழுதி முடிச்சுட்டு, "நல்லதும்மா. இது பஞ்சாயத்தோட ஆட்சேபனைன்னு ஏத்துக்கறேன். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க"ன்னாரு. போட்டா தம்பி. மேசை மேல குனிஞ்சு, நாக்கைக் கடிச்சுட்டு, உருண்டை உருண்டையா, கொழுக்கட்டை புடிச்சு வெச்ச மாதிரி, 'ப. வசந்தாமணி'ன்னு போட்டா.

ப! அவங்கப்பன் பழனியப்பன். பள்ளிக்கூடத்துல எழுதின பழக்கமாம். கட்டிக் குடுத்து, ரெண்டு புள்ளை பெத்து, மருமக எடுக்கற வயசாச்சு, இன்னும் அப்பன் பேரை உடலை. நான் இத்தனை வருசமும் என்ற பேரைப் போட்டு, செ. வசந்தாமணின்னு அழகாச் சுழிச்சுக் குடுத்திருக்கறேன். அந்தப் பெரியவரு தீர்மானத்தைப் பாக்கறாரு, இதைப் பாக்கறாரு, மறுபடி அதைப் பாக்கறாரு. "ரெண்டு கையெழுத்து இருக்குதேம்மா, எது தலைவருது?"ன்னாரு. வசந்தாமணி என்னைப் பாத்தா. வாயைத் தொறக்கலை. அப்ப அவ தொறந்து, ரெண்டும் என்னுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தான்னா இன்னைக்கு நான் இந்தப் பெஞ்சுல உக்காந்திருக்க மாட்டேன்.

ஆட்சேபனை நின்னு போச்சு. தலைவர் வந்து எது தன்னோட கையெழுத்துன்னு எழுதிக் குடுக்கற வரைக்கும் எடுத்துக்க முடியாதுன்னுட்டாங்க. அதுல இன்னொரு சிக்கலு. அது அவ கையெழுத்து இல்லைன்னா, பாறைக்காட்டு ஊடுகளுக்கு நான் போட்டுக் குடுத்த அனுமதியும் செல்லாதாம். அனுமதி இல்லாத ஊடுன்னா இடிக்கறதுக்குக் கேக்கவே வேண்டாம், ரோட்டுக்கு இன்னும் வசதியாப் போச்சு. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டாங்கற கதைதான். ஒரு சுழியில தப்புக் கண்டுபுடிச்சு ஒரு வீதியையே அழிக்கப் பாக்கறாங்க. இதைத்தான் நான் சொல்றேன், மேல இருக்கறவனுக்குச் சனங்களைப் பத்திக் கவலையே இல்லைங்க.

நான் யோசிச்சு ஒரு வழி பண்ணினேன். "நீ போயி, பழசெல்லாம் நான் போட்டதுதானுங்க, மண்டபத்துல பதட்டத்துல கை மாறிப் போச்சுங்கன்னு சொல்லு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்"னேன். அங்க மறுபடி போடச் சொன்னாங்கன்னா? அதனால என்ற கையெழுத்தை, அதாவது அவ கையெழுத்தைத்தானுங்க, அவளுக்குப் பழக்கிக் குடுத்தேன். ஊட்டுல காலண்டர் தாளைக் கிழிச்சுக் குடுத்து எழுதுடின்னேன். எழுதறா. சுழி வரலை. கையைப் புடிச்சு எழுதினேன், வந்துச்சு. கையை விட்டா பழையபடி கொழுக்கட்டை. கோவத்துல ரெண்டு வார்த்தை வெச்சு விட்டேன். அவ பேனாவைக் கீழ வெச்சுட்டு, "நான் எதைச் சொன்னா மாராத்தா ஊடு நிக்கும்?"னு கேட்டா.

பாருங்க தம்பி, இவளுக்கு மாராத்தா ஊடு. நான் செயிலுக்குப் போனாலும் போவேங்கறது அவ நெனப்புலயே இல்லை. அதைச் சொன்னேன். கேட்டுட்டு எந்திரிச்சுப் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டினா. எனக்கு மனசு ஒடைஞ்சு போச்சுங்க. யாருக்காக நான் இத்தனை பாடு பட்டேன்? அவளை ஒரு இக்கட்டுல விட்டிருப்பனா? கெராம சபைக்குப் போகோணுமா, நான் போனேன். கலெக்டரைப் பாக்கோணுமா, நான் பாத்தேன். அந்த நாற்காலியில உக்கார்ற சிரமம் கூட அவளுக்கு நான் குடுத்ததில்லை.

சொல்லுவாளான்னு கேக்கறீங்களா? சொல்லுவா, சொல்லுவா. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து என்ற பேச்சைத் தாண்டினவ இல்லை. ஆனா நேரமாகுது பாத்தீங்களா, அதுதான் கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்குது. நடுவுல எங்க செயலர் வேற ஒரு கட்டுக் காயிதத்தைத் தூக்கிட்டு உள்ள போனாரு. என்னைப் பாத்தும் பாக்காத மாதிரி போறாரு. அந்தாளைச் செயலரா கொண்டாந்ததே நானுங்க. நன்றின்னு ஒண்ணு இந்தக் காலத்துல ஆருகிட்ட இருக்குது சொல்லுங்க.

அதா, பியூன் வாரான். என்னைத்தான் தேடறானாட்ட இருக்குது. ஏனுங்க, இங்க, இங்க. ஓலக்காட்டுப்பாளையந்தானுங்க.

என்னுங்க? சீலா? ஆமா, பஞ்சாயத்து சீலு என்ற பையிலதான் இருக்குது, எப்பவும் என்கிட்டத்தான் இருக்கும். ஆரு கேக்கறாங்க? தலைவரா? ஓ, அந்தம்மாவா. எதுக்குங்க சீலு? ... ஒவ்வொரு ஊட்டு அனுமதியா அவளே புதுசாப் போடறாளா? குழுமம் வாரதுக்கு முன்னாடி குடுத்த மனுவுக்குத் தலைவரே போடலாமாமா? அந்தப் பெரியவரு முன்னாடியேவா? அத்தனையுமா? ... மாராத்தாளுது முதல்லயே போட்டாச்சா. சரி. குட்டை ஓரத்தைப் பாக்க அவரு வரேன்னுட்டாரா. அப்ப பழசு? பழசெல்லாம் தன்னுது இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாளா! ஆரு போட்டதுன்னு எழுதினாளா? என்ன எழுதினா, சொல்லுங்க... சொல்லக்கூடாதா? நான் எங்கயும் போயிரக் கூடாதா? அடுத்தது என்னையத்தான் கூப்பிடுவாங்களா?

இந்தாங்க சீலு. பத்திரமுங்க, அந்தப் பக்கம் கைப்புடி கொஞ்சம் ஆடும்.

போயிட்டான் பாத்தீங்களா, வாங்கீட்டு ஒரு வார்த்தை இல்லாமப் போறான். தம்பி, இந்தப் பையைச் சித்த புடிங்க. இத்தனை வருசம் ஒரே கூரைக்கடியில இருந்துட்டு, என்னை ஒரு வார்த்தை கேக்காம, எல்லாத்தையும் அவளாவே முடிவு பண்ணிப் போட்டா. கேக்கோணும்னு தோணலை பாருங்க. ஏனுங்க தம்பி, நீங்க இந்த ஆபீசுக்கு நெறையத் தடவை வந்தவரு. இதுக்கு ஒரு ஆட்சேபனை குடுக்கறதுன்னா எந்த ரூம்புக்குங்க போகோணும்?